மகளுக்கு ஃபிஸ்க்கில் இடம் கிடைத்திருக்கிறது – சின்ன எச்.பி.சி.யு.வில் (கறுப்பினத்தவரின் கல்விக்காகத் தொடங்கிய பழைய கல்லூரி) படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வேப்பமரம்:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது அலபாமா, ஹண்ட்ஸ்வில். மகள் பன்னிரண்டாவது முடிக்கப்போகிறாள், இயற்பியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் வந்துவிட்டது. இரண்டு வாரம் கழித்து நாஷ்வில் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்திலிருந்தும் கடிதம், உதவித்தொகையோடு. அவளுடைய பள்ளி ஆசிரியை அங்கே படித்தவர், அவர் பேச்சைக் கேட்டு எங்களிடம் சொல்லாமலே விண்ணப்பித்திருக்கிறாள் பெண்.

எங்கள் ஊரிலேயே அலபாமா ஏ அண்ட் எம், ஓக்வுட் என்று இரண்டு கறுப்பினப் பல்கலைக்கழகங்கள் இருப்பதால் எச்.பி.சி.யு. என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஆனால் வெளியிலிருந்து பார்த்ததுதான். என் கொழுந்தனார் போனில் "அது கறுப்பர்கள் காலேஜ் ஆச்சே" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு அந்த வரி பிடிக்கவில்லை, ஆனால் பதில் சொல்ல என்னிடம் விவரமும் இல்லை. மே 1க்குள் முன்பணம் கட்ட வேண்டும். பணம், படிப்பு, சாப்பாடு (சைவம்!), தோழிகள் எல்லாவற்றையும் பற்றிச் சொல்லுங்கள்.

சந்தேகசாமி:

அக்கா, மனதில் பட்டதைச் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். கமலா ஹாரிஸ் படித்த ஹோவர்ட் என்றால் நாலு பேருக்குத் தெரியும், அங்கே பத்தாயிரம் பேருக்கு மேல் படிக்கிறார்கள். ஃபிஸ்க்கில் சுமார் ஆயிரம் பேர். நம்ம பக்கத்து மேல்நிலைப் பள்ளிகளில் இதைவிடக் கூட்டம். இயற்பியல் மாதிரி ஆய்வகம் கேட்கிற படிப்புக்கு இவ்வளவு சின்ன இடம் எதற்கு? மாநிலப் பல்கலைக்கழகத்தையே கட்டிக்கொள்ளுங்கள்.

பழைய_பேனா:

சாமி, நாலு பேருக்குத் தெரியாத பெயரா ஃபிஸ்க்? கறுப்பின உரிமைக்காக எழுதிப் போராடிய அறிஞர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் 1888ல் பட்டம் வாங்கிய இடம். அங்கே முடித்துவிட்டு ஹார்வர்டு போனபோது, ஃபிஸ்க் பட்டத்தை முழுசாக மதிக்காமல் மூன்றாம் ஆண்டு மாணவனாகத்தான் சேர்த்துக்கொண்டார்கள். மறுபடி ஒரு இளங்கலை முடித்து, 1895ல் அங்கேயே முனைவரும் ஆனார். "யாருக்குத் தெரியும் இந்தக் கல்லூரி" என்ற கேள்விக்கு வயது நூற்றிமுப்பதுக்கு மேல் என்பதற்காகச் சொன்னேன்.

தொடங்கிய கதையையும் சொல்லிவிடுகிறேன், நீளமாகப் போனால் தாண்டிப் போங்கள். உள்நாட்டுப் போர் முடிந்த அடுத்த வருடம், 1866 ஜனவரியில், வடக்குப் படையின் பழைய ஆஸ்பத்திரிக் கொட்டகைகளில் ஆரம்பித்த பள்ளி. நேற்றுவரை அடிமையாக இருந்தவர்கள் எழுத்துக் கூட்டிப் படிக்க வந்தார்கள், ஏழு வயதுப் பிள்ளையும் எழுபது வயதுக் கிழவரும் ஒரே இடத்தில். ஐந்தே வருடத்தில் கடன் கழுத்தை நெரித்தது. பொருளாளராகவும் பாட்டு வாத்தியாராகவும் இருந்த ஜார்ஜ் ஒயிட், 1871 அக்டோபர் 6 அன்று ஒன்பது மாணவர்களைக் கூட்டிக்கொண்டு பாடிப் பணம் சேர்க்கக் கிளம்பினார். கிளம்பிய சில நாட்களிலேயே சிகாகோவில் பெருந்தீ. தங்கள் பள்ளி மூழ்கிக்கொண்டிருக்க, தொடக்கக் கச்சேரி ஒன்றில் வந்த காசை அந்தத் தீயில் வீடிழந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள்! பிறகு ஜூபிலி பாடகர்கள் என்று மெல்லப் பெயர் பரவி, 1872ல் வெள்ளை மாளிகையில் பாடி, 1873ல் இங்கிலாந்தில் விக்டோரியா மகாராணி முன்னால் பாடி, சேர்த்துக் கொண்டுவந்த பணத்தில் எழுந்ததுதான் ஜூபிலி ஹால், 1876ல் முடிந்தது. மாணவர்கள் தங்கள் தொண்டையால் கட்டிய கட்டடம். இன்றும் விடுதியாகத்தான் இருக்கிறது, அந்தப் பாடகர்களின் பெரிய ஓவியம் உள்ளேயே மாட்டியிருக்கிறது. அக்டோபர் 6ஐ இன்றும் ஜூபிலி நாள் என்று கொண்டாடுகிறார்கள். இப்போதைய மாணவர் குழு 2021ல் கிராமி விருதும் வாங்கியது.

சந்தேகசாமி:

கதை அருமை பேனா சார். ஆனால் 1871 பாட்டை வைத்து 2030ல் வேலைக்கு மனுப் போட முடியாதே. ஆய்வகம் பற்றிக் கேட்டேன்.

பழைய_பேனா:

அதற்கும் பதில் இருக்கிறது. எல்மர் ஐம்ஸ், ஃபிஸ்க்கில் படித்தவர், 1918ல் மிச்சிகனில் இயற்பியலில் முனைவர் பட்டம், அமெரிக்கக் கறுப்பினத்தவரில் இரண்டாவது ஆள். 1930ல் திரும்பி வந்து ஃபிஸ்க்கில் இயற்பியல் துறையைக் கட்டினார். அவரிடம் படித்த ஜேம்ஸ் லாசன் அகச்சிவப்பு நிறமாலை ஆய்வை அங்கே வளர்த்து, பிறகு பல்கலைக்கழகத் தலைவராகவும் ஆனார். (அதே பெயரில் இன்னொரு ஜேம்ஸ் லாசன் இருக்கிறார், அகிம்சைப் போராட்டக்காரர், இரண்டு பேரையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.) வேதியியலில் செயிண்ட் எல்மோ பிரேடி, 1916ல் அந்தத் துறையில் முனைவரான முதல் கறுப்பின அமெரிக்கர், அவரும் ஃபிஸ்க் பிள்ளைதான், கால் நூற்றாண்டு அங்கே துறைத் தலைவர். சமீபத்திய கணக்கு வேண்டுமா? கதிரியக்கத்தைக் கண்டுபிடிக்க உதவும் ஸ்ட்ரான்ஷியம் அயோடைடு படிகத்துக்கு 2010ல் ஆர் அண்ட் டி 100 விருது (வருடத்தின் சிறந்த நூறு கண்டுபிடிப்புகளுக்குத் தருவது). அமெரிக்க அரசின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தோடு அந்த வேலையில் பங்கு ஃபிஸ்க்குக்கும் உண்டு.

லேப்கோட்:

நான் படித்தது ஃபிஸ்க் இல்லை, தெற்கில் வேறொரு சின்னத் தனியார் எச்.பி.சி.யு., பெயர் வேண்டாம். நல்லதும் கெட்டதும் சொல்லப்போகிறேன், அதனால்.

முதலில் வகுப்பு. எங்கள் நுண்கணித வகுப்பில் இருந்தவர்களை ஒரு சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார வைத்துவிடலாம். எட்டு மணி வகுப்புக்கு ஒருவன் வராவிட்டால் எட்டேகாலுக்கு பேராசிரியரே போனில் கூப்பிடுவார், "எழுந்தாயா?" என்று. ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. இது சிலருக்கு வரம், சிலருக்கு மூச்சு முட்டும், உங்கள் பெண் எந்த ரகம் என்று உங்களுக்குத்தான் தெரியும். பேராசிரியரை முதல் பெயர் சொல்லிக் கூப்பிடுவது நடக்காது. டாக்டர் இன்னார்தான். பெரிய கூட்ட நாட்களில் முதலாண்டுப் பையன்கள் கோட்டும் டையும், பெண்கள் வெள்ளை உடையும். பெரியவர்களிடம் "மேம்", "சார்" தானாக வரும். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் புதிதாகவே இருக்காது, பெரிய மாநிலக் கல்லூரிதான் விநோதமாகத் தோன்றும்.

ஆய்வகம். சாமி கேட்டது நியாயமான கேள்வி. எங்கள் ஆசிலாஸ்கோப்பில் (மின் அலையைத் திரையில் காட்டும் கருவி) ஒன்றுக்குத் திருகு கிடையாது, குறடை வைத்துத் திருப்புவோம். ஆனால் இரண்டாம் ஆண்டிலேயே நான் ஆய்வுக் கருவி முன்னால் உட்கார்ந்துவிட்டேன், ஏனென்றால் உட்கார வேறு ஆள் இல்லை. பெரிய இடத்தில் விலையுயர்ந்த கருவி இருக்கும், அதைத் தொடும் வரிசையில் முதுகலைக்காரர், முனைவர் மாணவர், அதற்கப்புறம்தான் இளங்கலை. கோடை விடுமுறைகளில் பெரிய ஆய்வகங்களுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பேராசிரியர் எழுதிய பரிந்துரைக் கடிதத்தில் என் பெயர் மட்டும் இல்லை, நான் எதில் சொதப்பினேன், எப்படிச் சரிசெய்தேன் என்பதும் இருந்தது. முனைவர் படிப்புக்கு இடம் கிடைத்தது அந்தக் கடிதத்தால் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

இனி கெட்டது. நிர்வாகம். ஒவ்வொரு பருவமும் பதிவு செய்யப் போனால் "உன் கணக்கில் பாக்கி" என்று தடை போட்டிருப்பார்கள். உதவித்தொகை வந்தாகிவிட்டது, ஆனால் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குத் தாள் நகரவில்லை. வரிசையில் நின்று, அழுது, யாரோ ஒரு அம்மா தன் மதியச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்து சரிசெய்து கொடுப்பார். ஆள் நல்லவர், அமைப்புதான் ஓட்டை. மொத்த அலுவலகத்துக்கும் மூன்று நான்கு பேர், அதில் ஒருவர் விடுப்பில் போனால் அவ்வளவுதான். விடுதியில் வெந்நீர் பற்றி ஒரு தனி இழையே திறக்கலாம்.

சுன்னாகம்:

லேப்கோட் சொன்னது அவ்வளவும் மெய். நான் மேசைக்கு மற்றப் பக்கம் இருக்கிற ஆள், இன்னொரு சின்ன எச்.பி.சி.யு.வில் கணிதம் படிப்பிக்கிறேன். ஒரு பருவத்துக்கு நாலு பாடம். பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தில் இருக்கிற என் நண்பர்கள் இரண்டோடு நிற்கிறார்கள். அதனால் எங்களிடம் ஆராய்ச்சிக் கட்டுரை குறைவு, தரவரிசையில் பெயர் கீழே போய் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். தரவரிசை அளக்கிறது வேறு, நாங்கள் நாளும் செய்கிறது வேறு.

என் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் இரவு வேலை. கிடங்கில் பெட்டி தூக்கிவிட்டு விடிய வந்து வகையீடு படிக்கிறார்கள். சம்பளத்தில் வீட்டுக்கும் காசு அனுப்புகிறார்கள். வீட்டிலேயே முதன்முதல் கல்லூரிக்கு வந்த பிள்ளைகள் கனபேர். இந்தக் கதைகள் தெரியாமல் அங்கே படிப்பிக்க முடியாது, தெரிந்தபின் அவர்களை விட்டுவிட்டுப் போகவும் மனம் வராது. வெளிநாட்டுப் பேராசிரியர்கள் இந்தக் கல்லூரிகளில் புதிதில்லை. ஹிட்லருக்குத் தப்பி வந்த யூத அறிஞர்களுக்கு பெரிய பல்கலைக்கழகங்கள் பல கதவைச் சாத்தியபோது இடம் கொடுத்தவை இவைதான். மிசிசிப்பி டூகலூ கல்லூரியில் எர்ன்ஸ்ட் பொரின்ஸ்கி என்ற மனுசன் 1947ல் வந்து சாகும்வரை சமூகவியல் படிப்பித்தார். பிறகு எங்களைப் போல இலங்கை, இந்தியா, நைஜீரியாவிலிருந்து வந்தவர்கள். தங்கச்சி, உங்கள் மகளுக்கு அங்கே நம் நிற முகம் ஒன்றிரண்டு பேராசிரியர் மேசையிலாவது தட்டுப்படும்.

கணக்குப்பிள்ளை:

எல்லோரும் உருகுகிறீர்கள். நான் காசைப் பேசுகிறேன்.

முதல் விஷயம், கடிதத்தில் "உதவி" என்று போட்டிருக்கும் தொகையில் எவ்வளவு தானம், எவ்வளவு கடன் என்று பிரித்துப் பாருங்கள். பல கல்லூரிகள் (எச்.பி.சி.யு. மட்டும் இல்லை) இரண்டையும் ஒரே பட்டியலில் கூட்டிக் கீழே பெரிய எண்ணாகக் காட்டும். பெல் கிராண்ட் (திருப்பிக் கட்ட வேண்டாத அரசு உதவி) வருமானம் குறைந்த குடும்பத்துக்கு, 2025-26ல் அதிகபட்சம் 7,395 டாலர். ஹண்ட்ஸ்வில் பொறியாளர் சம்பளத்துக்கு அது வராது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேரண்ட் பிளஸ் கடன் (பெற்றோர் பெயரில் வாங்கும் அரசுக் கடன்) வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஒரு பிள்ளைக்கு வருடம் 20,000, மொத்தம் 65,000 டாலர் என்று உச்சவரம்பு வந்துவிட்டது. இந்தக் கடன் எச்.பி.சி.யு.க்களுக்கு எவ்வளவு முக்கியம் என்றால், 2011ல் அரசு இதற்கான கடன் தகுதி விதிகளை இறுக்கியபோது பிள்ளைகள் பாதியில் வீட்டுக்குத் திரும்பினார்கள், கல்லூரிகள் பட்ஜெட்டில் துண்டு விழுந்து தவித்தன.

இரண்டாவது, கல்லூரியின் உடம்பு எப்படி இருக்கிறது? சின்னத் தனியார் கல்லூரி என்றால் கட்டணம்தான் மூச்சு. நூறு பேர் குறைந்தால் பெரிய பல்கலைக்கழகத்துக்குக் கொசுக்கடி, ஆயிரம் பேர் கல்லூரிக்கு அது பத்தில் ஒரு பங்கு வருமானம். வர்ஜீனியாவில் செயிண்ட் பால்ஸ் கல்லூரி 2013ல் மூடியே விட்டது. வட கரோலினாவில் பெண்கள் கல்லூரி பென்னெட், 2018ல் பணநிலை காரணமாக அங்கீகாரத்தை நீக்க முடிவெடுத்தார்கள். சில வாரங்களில் எட்டு மில்லியன் டாலருக்கு மேல் திரட்டியும் முடிவு மாறவில்லை, வழக்கு, வேறு அங்கீகார அமைப்பு என்று போராடிப் பிழைத்தது. அட்லாண்டாவின் மாரிஸ் பிரவுன் கல்லூரி 2002ல் இழந்த அங்கீகாரத்தைத் திரும்பப் பெற 2022 ஆனது. எனவே எந்தக் கல்லூரியாக இருந்தாலும் தெற்கு மாநில அங்கீகார அமைப்பின் தளத்தில் பெயரைத் தட்டி எச்சரிக்கை, நன்னடத்தைக் கண்காணிப்பு ஏதாவது இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், பத்து நிமிட வேலை.

பழைய_பேனா:

கணக்கர் ஃபிஸ்க்கின் ஓவியக் கதையை விட்டுவிட்டார். 1949ல் ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப், பெரும்பாலும் தன் கணவர், புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் சேர்த்த தொகுப்பிலிருந்து, மொத்தம் 101 படைப்புகளை ஃபிஸ்க்குக்குக் கொடுத்தார். பிக்காசோ, செசான், ரென்வார் எல்லாம் அதில் உண்டு. இனப்பிரிவினை உச்சத்தில் இருந்த தெற்கில் ஒரு கறுப்பினக் கல்லூரிக்கு இந்தச் சொத்து! 2005 வாக்கில் பணம் வற்றியபோது இரண்டு ஓவியங்களை விற்கப் பார்த்தார்கள், வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. கடைசியில் 2012ல், ஆர்கன்சா கிரிஸ்டல் பிரிட்ஜஸ் அருங்காட்சியகத்துக்குப் பாதிப் பங்கை 30 மில்லியன் டாலருக்குக் கொடுத்து ஒப்பந்தம். இப்போது தொகுப்பு முறைவைத்து இங்கும் அங்கும் போய்வருகிறது.

கணக்குப்பிள்ளை:

வீட்டு நகையை வைத்துப் பள்ளிக் கட்டணம் கட்டிய குடும்பத்தில் பிறந்தவன் நான், அதனால் விற்றதைத் தப்பென்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் நகையை வைக்கிற நிலைமைக்கு வந்த நிறுவனம் என்பதை நான்கு வருடம் பணம் கட்டப்போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

அம்பை_எக்ஸ்பிரஸ்:

நடுவில் வருகிறேன். பாதுகாப்பு பற்றி யாரும் பேசவில்லையே. அந்த மாதிரி ஏரியாவில் பெண் பிள்ளையை விடுவது... புரிகிறதல்லவா.

தெருவிளக்கு:

"அந்த மாதிரி ஏரியா"வுக்குப் பக்கத்தில்தான் நான் குடியிருக்கிறேன், எக்ஸ்பிரஸ். எந்த மாதிரி என்று சொல்லட்டுமா?

ஃபிஸ்க் வளாகம் வடக்கு நாஷ்வில்லில் ஜெபர்சன் தெருவை ஒட்டி. சாலைக்கு அந்தப் பக்கம் மெஹாரி மருத்துவக் கல்லூரி, 1876லிருந்து கறுப்பின மருத்துவர்களை உருவாக்கும் இடம். மேற்கே கொஞ்ச தூரத்தில் டென்னசி ஸ்டேட், அது அரசு எச்.பி.சி.யு., வாத்தியக் குழு கேட்டால் காது குளிரும். ஜெபர்சன் தெரு ஒருகாலத்தில் இசைக் கூடங்களும் கடைகளுமாக ஜேஜே என்று இருந்தது, கிதார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் புகழ் பெறுவதற்கு முன்னால் வாசித்துப் பழகியது இங்கேதான். 1960களில் ஐ-40 நெடுஞ்சாலையை வளைத்து இந்தப் பகுதியின் நடு மார்பில் கொண்டுவந்தார்கள். நூற்றுக்கணக்கான வீடுகள் போயின, கடைகள் போயின, தெருக்கள் முட்டுச் சந்துகள் ஆயின. எதிர்த்து வழக்குப் போட்டார்கள், தோற்றார்கள். இன்று பழைய சின்ன வீடுகளை இடித்துவிட்டு உயரமான ஒல்லி வீடுகள் கட்டுகிறார்கள், விலையைக் கேட்டால் தலை சுற்றும். நகரத்தில் இருக்கும் எல்லா வளாகத்துக்கும் உள்ள எச்சரிக்கை இங்கேயும் உண்டு: இரவில் தனியாகச் சுற்றாதே, காரில் பையை வைத்துவிட்டுப் போகாதே. வளாகத்துக் குற்றக் கணக்கை ஒவ்வொரு கல்லூரியும் வருடா வருடம் வெளியிட வேண்டும் என்பது சட்டம். இரண்டு கல்லூரிக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் பயப்படுங்கள். நிறத்தை வைத்து வேண்டாம்.

சைவம் கேட்டீர்கள் அக்கா. சின்னக் கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். கீரை வேகவைத்திருப்பார்கள், அதில் இறைச்சித் துண்டு போடுவது தெற்கு வழக்கம், கேட்டுச் சாப்பிடச் சொல்லுங்கள். நோலன்ஸ்வில் சாலைப் பக்கம் இந்தியக் கடைகள் இருக்கின்றன, பெல்வியூ பக்கம் கணேசர் கோயில், அங்கே போனால் தமிழ்க் குரல் கேட்கும். ஊறுகாய் நீங்களே கொண்டுவரப் போகிறீர்கள், ஹண்ட்ஸ்வில்லிலிருந்து இரண்டு மணி நேரம்கூட ஆகாது.

அம்பை_எக்ஸ்பிரஸ்:

நான் நிறத்தைச் சொல்லவில்லை, பொதுவாகத்தான் கேட்டேன். எடுத்ததும் நிறவெறி முத்திரை குத்துவதே இங்கே வேலையாகிவிட்டது.

லேப்கோட்:

மாநிலப் பல்கலைக்கழகத்திலும்தான் அக்கா மகளுக்கு இடம் வந்திருக்கிறது. அங்கே பாதுகாப்பு எப்படி என்று நீங்கள் கேட்கவே இல்லையே எக்ஸ்பிரஸ்.

நெறியாளர்:

இரண்டு பேரும் இத்தோடு விடுங்கள். இழை அக்காவின் மகளுடைய படிப்பைப் பற்றியது.

வேப்பமரம்:

எல்லோருக்கும் நன்றி. எக்ஸ்பிரஸ் கேட்டது என் வீட்டிலும் கேட்டதுதான், அதனால் அவர்மேல் மட்டும் பாய வேண்டாம். தெருவிளக்கு எழுதியதை அப்படியே கணவருக்குப் படித்துக் காட்டினேன். இன்னொன்று மனதை உறுத்துகிறது. இந்தக் கல்லூரிகள் வேறு இடத்தில் சேர்க்காதவர்களுக்காக உண்டானவை. எங்களுக்கு வேறு கதவுகளும் திறந்தே இருக்கின்றன. அவள் போய் யாருடைய இடத்தையாவது எடுத்துக்கொள்கிறாளோ? அவளிடம் கேட்டால், "அம்மா, அவர்கள்தான் என்னைக் கூப்பிட்டார்கள்" என்கிறாள்.

சுன்னாகம்:

கேட்க வேண்டிய கேள்விதான். சட்டப்படி எச்.பி.சி.யு. என்றால் 1964க்கு முன்னம் தொடங்கி, கறுப்பின அமெரிக்கரின் கல்வியை முதன்மை நோக்கமாய் வைத்த நிறுவனம். வேறு ஆட்கள் வரக்கூடாது என்று அதில் இல்லை. இன்று எச்.பி.சி.யு. மாணவரில் கிட்டத்தட்ட நாலில் ஒருவர் கறுப்பினத்தவர் அல்ல, மேற்கு வர்ஜீனியா புளூஃபீல்டில் வெள்ளைப் பிள்ளைகள்தான் பெரும்பான்மை. சின்னத் தனியார் கல்லூரிகளுக்கு இப்போது இடம் போதாத பிரச்சினை இல்லை, நிரப்ப ஆள் வேண்டும் என்கிற பிரச்சினைதான்.

ஆனால் ஒன்று. அங்கே போகிற பிள்ளை விருந்தாளி. நடுவில் நிற்கிற கதை அவளுடையது இல்லை. என் வகுப்புக்கு வந்த ஒரு நேபாளப் பொடியன் முதல் மாதம் தன்னைப் போல் ஆட்களைத் தேடித் திரிந்தான், பிறகு வளாகத்துப் பாட்டுக் குழுவில் சேர்ந்து கடைசி வரிசையில் நின்று பாடினான், அதோடு ஆள் மாறிவிட்டான். ஒரு சின்ன இடத்தில் நீங்கள் ஒதுங்கி இருந்தால் எல்லோருக்கும் தெரியும், சேர்ந்தாலும் எல்லோருக்கும் தெரியும்.

பழைய_பேனா:

வேப்பமரம், நெறியாளர் திட்டினாலும் இதைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் மகள் நடக்கப்போகிற பாதை என்பதால். 1959ல் டயான் நாஷ் என்ற சிகாகோப் பெண் ஹோவர்டிலிருந்து ஃபிஸ்க்குக்கு மாறி வந்தாள். வடக்கில் வளர்ந்தவள், தெற்கின் பிரிவினையை நேரில் கண்டு கொதித்துப்போனாள். வளாகத்துக்குப் பக்கத்துத் தேவாலயத்தில் ஜேம்ஸ் லாசன் (இரண்டாமவர், நாக்பூரில் சில வருடம் இருந்து காந்தி வழியைப் படித்து வந்தவர்) பயிற்சி நடத்தினார். தலையில் பால் ஊற்றினாலும் கை ஓங்காமல் இருப்பதற்கு ஒத்திகை. 1960 பிப்ரவரி 13 அன்று மாணவர்கள் நகரத்துக் கடைகளில் வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த உணவு மேசைகளில் போய் உட்கார்ந்தார்கள். ஃபிஸ்க், டென்னசி ஸ்டேட், மெஹாரி, அமெரிக்கன் பாப்டிஸ்ட் எல்லாப் பிள்ளைகளும். ஏப்ரல் 19 விடியற்காலை, அவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் லூபியின் வீட்டில் குண்டு, எதிரே மெஹாரி ஜன்னல்கள் நொறுங்கின. அன்றே ஆயிரக்கணக்கில் நகர மண்டபத்துக்கு நடந்தார்கள். படியில் நின்று நிறத்தை வைத்து ஒதுக்குவது சரியா என்று நாஷ் மேயரை நேராகக் கேட்க, அவர் சரியில்லை என்று ஒப்புக்கொண்டார். மறுநாள் மார்ட்டின் லூதர் கிங் ஃபிஸ்க் உடற்பயிற்சிக் கூடத்தில் பேசினார். மே 10 அன்று மேசைகள் திறந்தன. அப்போது நாஷுக்கு வயது இருபத்தொன்று.

போராடத் தெரிந்த வளாகம், தன் நிர்வாகத்தோடும் போராடும். 1925ல் மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்து கண்டிப்புக்காரத் தலைவர் மெக்கென்சியை ராஜினாமா செய்யவைத்தார்கள், டு பாய்ஸ் அவர்கள் பக்கம். கறுப்பினத்தவர் ஒருவர், சார்லஸ் ஜான்சன், தலைவராக வந்ததே 1946ல்தான், தொடங்கி எண்பது வருடம் கழித்து.

சந்தேகசாமி:

சரி, நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன். இயற்பியலில் மேலே போக வழி? யாராவது அதைச் சொன்னால் என் எதிர்ப்பை வாபஸ் வாங்குகிறேன்.

லேப்கோட்:

ஃபிஸ்க்-வாண்டர்பில்ட் பிரிட்ஜ் என்று 2004ல் தொடங்கிய ஏற்பாடு உண்டு. ஃபிஸ்க்கில் முதுகலை, அங்கிருந்து அதே ஊரில் வாண்டர்பில்ட்டில் முனைவர் என்பது வழி. முதுகலை படிக்கும்போதே இரண்டு இடத்து ஆசிரியர்களிடமும் வேலை. அது இளங்கலைக்கு இல்லைதான், ஆனால் அந்த மூத்த மாணவர்கள் அதே கட்டடத்தில் நடமாடுவதே இளங்கலைப் பிள்ளைக்கு ஆதாயம். இவளுக்குக் குடியுரிமை இருந்தால் அரசு நிதியில் வரும் கோடைப் பயிற்சிகளும் திறந்திருக்கும்.

கோவை_மாணவன்:

அண்ணா, நான் இந்தியாவிலிருந்து எம்.எஸ். போடலாமா அங்கே? எஃப்-1 மாணவர் விசாவில் வருகிறவர்களுக்கு உதவி கிடைக்குமா?

கணக்குப்பிள்ளை:

தம்பி, எஃப்-1க்கு அமெரிக்க அரசின் மாணவர் உதவி கிடையாது, எந்தக் கல்லூரியானாலும். ஆய்வு உதவியாளர் இடம் பேராசிரியரின் நிதியைப் பொறுத்தது. சேருவதற்கு முன்னால் அவருக்கு நேராக எழுதி, "இந்த வருடம் நிதி இருக்கிறதா, குடியுரிமை நிபந்தனை உண்டா" என்று கேள். இல்லை என்றால் உன் சொந்தப் பணம், அதை யோசித்துக்கொள். தனி இழை போடு, இங்கே வேண்டாம்.

வேப்பமரம்:

அடுத்த வெள்ளிக்கிழமை மூன்று பேரும் போகிறோம், கணவரும் வருகிறார், அதுவே பெரிய விஷயம். இயற்பியல் வகுப்பு ஒன்றில் உட்கார அனுமதி கேட்டு மகள் எழுதினாள், அன்று மாலையே பேராசிரியர் பதில் போட்டார், ஆய்வகத்தையும் காட்டுகிறேன் என்று. மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் இதேபோல் எழுதினோம், சுற்றுலாப் பதிவுப் பக்கத்தின் முகவரி வந்தது. பார்க்க வேண்டியது, கேட்க வேண்டியது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

லேப்கோட்:

வழிகாட்டி கூட்டிப்போகும் விடுதி அறை வேண்டாம், யாராவது மாணவி தங்கியிருக்கும் அறையைப் பாருங்கள். வெந்நீர்க் குழாயைத் திறந்து பாருங்கள். நிதி உதவி அலுவலகத்துக்கு முன்னறிவிப்பு இல்லாமல் போய் எவ்வளவு நேரம் நிற்கவைக்கிறார்கள் என்று பாருங்கள்.

தெருவிளக்கு:

கிராவத் ஹாலில் ஏரன் டக்ளஸ் 1930ல் தீட்டிய சுவரோவியங்கள் இருக்கின்றன, கட்டாயம் பாருங்கள். ஓவியத் துறையைக் கட்டியெழுப்பி 1966 வரை அங்கேயே சொல்லிக்கொடுத்தவர். வரும்போது சொல்லுங்கள், மதியம் நம் வீட்டில் சாம்பார் சாதம்.

கணக்குப்பிள்ளை:

உதவித்தொகை நான்கு வருடத்துக்கும் உண்டா, முதல் வருடம் மட்டுமா? தொடர எந்த ஜி.பி.ஏ. (சராசரி மதிப்பெண்) வேண்டும், ஒரு பருவம் இறங்கினால் மீட்க வாய்ப்புத் தருவார்களா, கட்டணம் ஏறினால் உதவியும் ஏறுமா? வாயால் சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள், மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள்.

வேப்பமரம்:

கடிதத்தை இப்போது எடுத்துப் பார்த்தேன். நான்கு வருடம், 3.0 என்று போட்டிருக்கிறது. கட்டணம் ஏறினால் என்ன என்று ஒரு வார்த்தை இல்லை. இன்றிரவே எழுதிக் கேட்கிறேன்.